மூன்றாவது முனைக்குப் பின்னால்: பிளக் வடிவமைப்பும் வீட்டு மின்பாதுகாப்பும்

வீட்டுக்குள் ஓடும் மின்சாரத்தோடு நம் கை மிக நெருங்கி உறவாடும் இடம் பிளக். சுவிட்சைத் தட்டும்போது விரலுக்கும் கம்பிக்கும் நடுவே ஒரு பெட்டி நிற்கிறது. பிளக்கைச் செருகும்போதோ, விரல்நுனியிலிருந்து சில மில்லிமீட்டர் தள்ளி 230 வோல்ட் இருக்கிறது. அந்தச் சில மில்லிமீட்டரை எப்படிக் காப்பது என்று பொறியாளர்கள் நூறாண்டுக்கும் மேலாக யோசித்து, நாட்டுக்கு நாடு வேறு வேறு விடைகளைக் கண்டிருக்கிறார்கள். அந்த விடைகளையும், அவை நம் வீடுகளுக்கு வந்து சேர்ந்த விதத்தையும் இக்கட்டுரை ஒப்பிட்டுப் பார்க்கிறது.

நம் ஊரில் ஒருவர் ஷாக் அடித்து இறந்தால், "ஈரக் கையோடு தொட்டுவிட்டார்" என்பதோடு பேச்சு முடிந்துவிடுகிறது. தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் சமீப ஆண்டறிக்கைகளைப் பார்த்தால், வீடு, வயல், தெரு, தொழிற்கூடம் எல்லாம் சேர்த்து மின்சாரம் தாக்கி இறப்போர் ஆண்டுதோறும் பத்தாயிரத்தைத் தாண்டுகிறார்கள். இத்தனை சாவுகளையும் கவனக்குறைவின் கணக்கில் எழுதிவிட முடியாது. சமையலறையில் கை ஈரமாகத்தான் இருக்கும். குழந்தை துளையைக் கண்டால் எதையாவது நுழைத்துப் பார்க்கத்தான் செய்யும். அதை முன்பே எதிர்பார்த்துக் கட்டிய வயரிங்தான் பாதுகாப்பான வயரிங்.

எவ்வளவு மின்சாரம் உயிரைப் பறிக்கும்?

ஆளைக் கொல்வது உடல் வழியே ஓடும் மின்னோட்டம். அதை மில்லி ஆம்பியரில், அதாவது ஆம்பியரின் ஆயிரத்தில் ஒரு பங்கில், அளக்கிறார்கள். வீட்டு மின்சாரத்தில் ஏறக்குறைய 1 மில்லி ஆம்பியரில் சுருக்கென்று உணர்கிறோம். சுமார் 10 மில்லி ஆம்பியரில் கைத்தசைகள் இறுகி, பிடித்ததை விட முடியாமல் போகிறது. அதற்கு மேல் மூச்சு திணறும். 30 மில்லி ஆம்பியரைத் தாண்டி, அது ஒரு விநாடிக்கு மேல் நெஞ்சு வழியே ஓடினால் இதயத் துடிப்பு தாறுமாறாகிவிடும் ஆபத்து தொடங்குகிறது.

ஈரமான உடலின் மின்தடையை ஏறத்தாழ 1000 ஓம் என்று வைத்துக்கொண்டால், 230 வோல்ட் அதன் வழியே 230 மில்லி ஆம்பியரைச் செலுத்தும். ஒரு 9 வாட் எல்.இ.டி. பல்பு எடுத்துக்கொள்வதே 40 மில்லி ஆம்பியர் அளவு இருக்கும். அந்தச் சின்ன பல்பை எரிய வைக்கும் மின்னோட்டம் ஒரு மனிதனைக் கொல்லப் போதுமானது. வீட்டு டி.பி. பாக்ஸில், அதாவது மின்பகிர்வுப் பெட்டியில், மின்னோட்டம் அளவை மீறினால் துண்டிக்கும் எம்.சி.பி.யோ 6, 10, 16 ஆம்பியர் என்ற அளவில் வேலை செய்கிறது. கால் ஆம்பியருக்கும் குறைவான மின்னோட்டத்தில் ஒருவர் துடித்துக்கொண்டிருந்தாலும் அது அசையாது. எம்.சி.பி. ஒயரைக் காக்கும்; ஆளைக் காக்க வேறொரு கருவி வேண்டும். பலரும் இந்த இரண்டையும் ஒன்றாக எண்ணிவிடுகிறார்கள்.

தீ பிடிக்கும் இடம்

அடுத்த ஆபத்து தீ. வயரிங் தீ என்றால் ஷார்ட் சர்க்யூட் என்றே நினைக்கிறோம். ஷார்ட் சர்க்யூட்டில் மின்னோட்டம் பல மடங்கு ஏறுவதால் எம்.சி.பி. உடனே விழுந்துவிடும். தளர்ந்துபோன இணைப்புதான் ஓசையில்லாமல் தீக்கு வழி செய்கிறது. 1500 வாட் வாட்டர் ஹீட்டர் ராடு 230 வோல்ட்டில் 6.5 ஆம்பியர் எடுக்கும். அதன் பிளக் முனைக்கும் சாக்கெட் ஸ்பிரிங்குக்கும் நடுவே அரை ஓம் தடை உண்டானால், அந்த ஒரு புள்ளியில் 20 வாட்டுக்கு மேல் வெப்பம் பிறக்கும். ஈயம் உருக்கும் 25 வாட் சால்டரிங் அயர்னை பிளாஸ்டிக் சாக்கெட்டுக்குள் செருகி வைத்ததற்கு இது சமம். மின்னோட்டம் ஏறவில்லை என்பதால் எந்த ஃபியூஸும் போகாது.

இதற்குப் பெரும் சான்று அமெரிக்காவில் கிடைத்தது. செம்பு விலை ஏறியதால் 1965 வாக்கிலிருந்து 1973 வரை ஏராளமான வீடுகளில் அலுமினியக் கம்பி போட்டார்கள். அலுமினியம் சூட்டில் அதிகம் விரியும், மேற்பரப்பில் ஆக்சைடு படியும், திருகின் அழுத்தத்தில் மெல்ல நசுங்கும். சில ஆண்டுகளில் சாக்கெட் இணைப்புகள் தளர்ந்தன. 1972-க்கு முன் அலுமினியம் போட்ட வீடுகளில் இணைப்புகள் தீப்பிடிக்கும் நிலையை எட்டும் வாய்ப்பு, செம்புக் கம்பி வீடுகளைவிட 55 மடங்கு அதிகம் என்று அந்நாட்டு நுகர்பொருள் பாதுகாப்பு ஆணையம் எச்சரித்தது. நம் ஊரிலும் பழைய வீடுகளில் அலுமினிய ஒயர் இருக்கிறது. அதோடு புதுச் செம்பு ஒயரை முறுக்கி டேப் சுற்றிய ஜாயின்ட்டுகளை முதலில் தேடிப் பிடித்து அகற்ற வேண்டும்.

ஹோல்டரில் தொடங்கிய கதை

மின்சாரம் வீடுகளுக்கு விளக்குக்காகவே வந்தது. இஸ்திரிப் பெட்டி, விசிறி வந்தபோது அவற்றைச் சொருகச் சுவரில் இடம் இல்லை. பல்பு ஹோல்டரிலேயே மாட்டினார்கள். 1904-இல் அமெரிக்காவில் ஹார்வி ஹப்பல், ஹோல்டரில் திருகி வைத்த அடிப்பகுதியிலிருந்து தனியே பிடுங்கக்கூடிய பிளக்குக்குக் காப்புரிமை பெற்றார். ஒவ்வொரு முறையும் கம்பியோடு சேர்த்துத் திருகும் வேலை அதோடு ஒழிந்தது.

அந்தப் பிளக்கில் இரண்டே முனைகள்தான். இரும்பு உடல் கொண்ட கருவிகள் பெருகியபோது புதிய சிக்கல் எழுந்தது. உள்ளே காப்பு உரிந்து, மின்சாரம் வரும் ஃபேஸ் கம்பி உடலைத் தொட்டால், கருவி வழக்கம்போல ஓடும். அதைத் தொடுபவர் விழுவார். கருவியின் உலோக உடலைப் பூமியோடு இணைக்கும் மூன்றாவது வழி இதற்காகவே வந்தது. 1920-களில் ஜெர்மனியில் ஆல்பர்ட் பியூட்னர் உருவாக்கிய ஷூக்கோ அமைப்பில் எர்த், பக்கவாட்டுப் பட்டைகளாக அமைந்தது. பிரிட்டனில் உருண்டை முனைகள் மூன்று கொண்ட பிளக் 1934-இல் பி.எஸ். 546 என்ற தரமாக எழுதப்பட்டது. விளக்குக்கு ஒரு கட்டணம், பவருக்கு ஒரு கட்டணம் என்று அங்கே இருந்ததால் 2, 5, 15 ஆம்பியர் என்று தனித்தனி அளவுகள் உருவாயின. அந்த 5-உம் 15-உம்தான் இன்று 6, 16 ஆம்பியர் என்ற பெயரில் நம் சுவரில் இருக்கின்றன. இந்தியத் தரமான ஐ.எஸ். 1293 அவற்றின் வழிவந்தது.

மூன்று நாட்டு விடைகள்

அமெரிக்கப் பிளக் சிறியது, மலிவானது. தட்டையான முனைகள் பாதி வெளியே வந்தாலும் மின்சாரத்தோடு இருக்கும். விரல் அதைத் தொட இடமுண்டு. அங்கே 120 வோல்ட் என்பதால் ஷாக்கின் வேகம் குறைவு. ஆனால் அதே 1500 வாட் ஹீட்டர் அங்கே 12.5 ஆம்பியர் எடுக்கிறது. மின்னோட்டம் இரட்டித்தால் தளர்ந்த இணைப்பில் வெப்பம் நான்கு மடங்காகும். ஷாக்கில் கிடைத்த லாபத்தைத் தீயில் இழக்கும் ஏற்பாடு இது. அந்தக் குறையைப் பிளக்குக்கு வெளியே ஈடுகட்ட முயன்றார்கள்: குளியலறையில் கசிவைக் கண்டு துண்டிக்கும் கருவி, படுக்கையறையில் தீப்பொறியைக் கண்டு துண்டிக்கும் கருவி, குழந்தை எதையும் நுழைக்க முடியாத மூடி என்று விதிகள் ஒவ்வொன்றாக வந்தன.

ஜெர்மானிய ஷூக்கோவில் சாக்கெட் ஒரு குழியாக உள்வாங்கியிருக்கும். பிளக் அந்தக் குழிக்குள் இறங்கிய பிறகுதான் முனைகள் மின்சாரத்தைத் தொடும். அந்த நேரத்தில் விரல் உள்ளே போக இடமில்லை. எர்த் பட்டைகள் முதலில் தொட்டு, கடைசியில் விலகும். பிளக்கைத் திருப்பிச் செருக முடியும் என்பதால் எந்த முனை ஃபேஸ் என்பது நிச்சயமில்லை. அது ஒன்றே குறை.

பிரிட்டனின் 13 ஆம்பியர் பிளக் போர்க்காலத்தில் பிறந்தது. குண்டுவீச்சில் இடிந்த நாட்டைத் திரும்பக் கட்டுவதற்காக மின்பொறியாளர் நிறுவனம் 1942-இல் ஒரு குழுவைக் கூட்டியது. இருபது உறுப்பினரில் ஒரே பெண் கரோலின் ஹேஸ்லெட். மகளிர் மின்சாரச் சங்கத்தின் இயக்குநராக இருந்த அவர், மின்கருவிகளை நாள் முழுக்கக் கையாளும் வீட்டுப் பெண்களின் அனுபவத்தை அறிந்தவர். குழந்தைகளின் பாதுகாப்பை வலியுறுத்தியவர். குழுவின் அறிக்கை 1944-இல் வந்தது, 1947-இல் பி.எஸ். 1363 தரம் வெளியானது.

இந்தப் பிளக்கில் எர்த் முனை மற்ற இரண்டையும்விட நீளம். அது உள்ளே போய்த் தள்ளினால்தான் ஃபேஸ் துளையையும், மின்சாரம் திரும்பும் நியூட்ரல் துளையையும் மூடியிருக்கும் ஷட்டர் திறக்கும். குழந்தை ஒரு துளையில் ஆணியை நுழைத்தால் ஒன்றும் நடக்காது. ஒயர் பிளக்கின் கீழ்ப்பக்கமாக இறங்குவதால் அதைப் பிடித்து இழுத்துக் கழற்றும் பழக்கம் வளரவில்லை. உள்ளே ஒயரைக் கவ்விப் பிடிக்கும் பட்டை உண்டு. பிளக்குக்குள்ளேயே 3 அல்லது 13 ஆம்பியர் ஃபியூஸ் இருக்கிறது. மேசை விளக்கின் மெல்லிய ஒயரைக் காக்க அது அவசியம். 1984 முதல் ஃபேஸ், நியூட்ரல் முனைகளின் அடிப்பாகத்துக்குப் பிளாஸ்டிக் உறையும் கட்டாயமானது. 1994-இல் கருவிகளைப் பிளக் பொருத்தித்தான் விற்க வேண்டும் என்று சட்டம் வந்ததும், மக்கள் வீட்டில் தாங்களே ஒயரை மாட்டிச் செய்யும் தவறுகளுக்கு இடமில்லாமல் போனது. ஒவ்வொரு கூறும் யாரோ ஒருவரின் சாதாரணத் தவறை மனத்தில் வைத்து அமைந்திருக்கிறது. அளவில் பெரியது, விலை கூடியது என்பதை ஏற்றுக்கொண்டே இதை உலகின் பாதுகாப்பான பிளக்குகளில் ஒன்று என்று சொல்லலாம்.

நம் சுவரில் இருப்பது

பிரிட்டன் கைவிட்ட உருண்டை முனைகளை நாம் வைத்துக்கொண்டோம். அதில் நன்மையும் உண்டு: எர்த் முனை நீளமாகவும் தடிமனாகவும் இருப்பதால் தலைகீழாகச் செருக முடியாது; சாக்கெட்டுக்குப் பக்கத்திலேயே சுவிட்ச் வைக்கும் வழக்கம், மின்சாரத்தை நிறுத்திவிட்டுப் பிளக்கைப் பிடுங்க உதவுகிறது. ஆனால் பிளக்குக்குள் ஃபியூஸ் இல்லை. முனைகளின் அடிப்பாகத்துக்கு உறை இல்லாத பிளக் டாப்புகள் இன்னும் புழக்கத்தில் இருக்கின்றன. ஷட்டர் உள்ள சாக்கெட்டும் இல்லாததும் அருகருகே விற்பனையாகின்றன.

பொருந்தாத இணைப்புதான் இங்கே பெருங்கேடு. 6 ஆம்பியர் பிளக்கின் முனை 5 மில்லிமீட்டர் தடிமன். செல்போன் சார்ஜரிலும் டிவியிலும் வரும் இரட்டைமுனை ஐரோப்பியப் பிளக்கின் முனை 4 மில்லிமீட்டர். அது நம் சாக்கெட்டில் தொளதொளவென்று நிற்கும். சார்ஜர் எடுக்கும் மின்னோட்டம் சிறிது என்பதால் பெரும்பாலும் பிழைத்துக்கொள்கிறோம். எல்லா நாட்டுப் பிளக்கையும் ஏற்கும் பல்துளை எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் ஹீட்டரையும் இஸ்திரிப் பெட்டியையும் மாட்டும்போது அந்தத் தளர்ச்சி தீயாகிறது. எல்லாவற்றுக்கும் இடம் கொடுக்கும் துளை எதையும் இறுகப் பிடிக்காது. மேலே சொன்ன 1500 வாட் ராடு எடுக்கும் 6.5 ஆம்பியரே 6 ஆம்பியர் பிளக்கின் எல்லையைத் தாண்டியது. அதைப் பலர் அந்தச் சின்னப் பிளக்கில்தான் மாட்டுகிறார்கள்.

எர்த் துளை எங்கே போகிறது?

நாம் மூன்றாவது முனையை எடுத்துக்கொண்டோம். அதற்குப் பின்னால் இருந்த ஏற்பாட்டை எடுத்துக்கொள்ளவில்லை. இதுதான் நம் வீட்டுப் பாதுகாப்பின் மையச் சிக்கல் என்பது என் உறுதியான கருத்து.

பிரிட்டனின் பெரும்பாலான நகர வீடுகளில் எர்த் ஒயர் கேபிள் வழியாகவே டிரான்ஸ்ஃபார்மரின் நியூட்ரலுக்குத் திரும்புகிறது. முழுப் பாதையும் உலோகம். அதன் தடை ஒரு ஓமுக்கும் குறைவு. ஃபேஸ் கம்பி கருவியின் உடலைத் தொட்டதும் நூற்றுக்கணக்கான ஆம்பியர் பாயும். ஃபியூஸ் கணத்தில் போய்விடும். நம் ஊர் வீட்டில் மின்வாரியம் கொடுப்பது ஃபேஸும் நியூட்ரலும்தான். எர்த்துக்கு வீட்டுக்காரரே குழி தோண்டி, பைப் இறக்கி, கரியும் உப்பும் போட்டு மூடுகிறார். மின்னோட்டம் மண் வழியே டிரான்ஸ்ஃபார்மருக்குத் திரும்ப வேண்டும்.

ஒரு கணக்கு போடலாம். வீட்டு எர்த் குழியின் தடை 20 ஓம், டிரான்ஸ்ஃபார்மர் பக்கத் தடை 5 ஓம் என்று வைத்துக்கொள்வோம். கிரைண்டரின் உடலில் ஃபேஸ் பட்டால் ஓடும் மின்னோட்டம் 230-ஐ 25-ஆல் வகுத்த 9.2 ஆம்பியர். 16 ஆம்பியர் எம்.சி.பி. இதற்கு ஒருபோதும் விழாது. கிரைண்டரின் உடலில் 184 வோல்ட் நின்றுகொண்டே இருக்கும். எர்த் இருக்கிறது, பிளக்கில் மூன்று முனை இருக்கிறது, எம்.சி.பி. இருக்கிறது, ஆனாலும் தொட்டவர் இறக்கலாம். சித்திரை வெயிலில் மண் காய்ந்து, குழியின் தடை மேலும் ஏறும். குழிக்குத் தண்ணீர் ஊற்றச் சொல்லும் பெரியவர்களின் சொல்லுக்கு இங்கே பொருள் இருக்கிறது. அது மட்டும் போதாது.

எர்த் ஒயரே இழுக்காமல் சாக்கெட்டில் துளையை மட்டும் வைத்துவிடுவதும் உண்டு. அதைவிடக் கொடியது, சாக்கெட்டுக்குள் நியூட்ரலையும் எர்த்தையும் ஒரு துண்டு ஒயரால் இணைத்துவிடுவது. வெளியே எங்காவது நியூட்ரல் அறுந்தால், கருவி வழியே திரும்பி வரும் 230 வோல்ட் நேராக ஃபிரிட்ஜின் கதவில் வந்து நிற்கும். காப்பதற்காக வைத்த முனையே கொல்லும் முனையாகிவிடுகிறது.

கசிவைக் கண்டு துண்டிக்கும் கருவி

இந்தச் சிக்கலுக்குத் தெளிவான தீர்வு இருக்கிறது: ஆர்.சி.சி.பி. நம் ஊர் ஒயர்மேன்கள் இ.எல்.சி.பி. என்றும், இலங்கையில் ட்ரிப் சுவிட்ச் என்றும் சொல்வது இதைத்தான். ஃபேஸில் போன மின்னோட்டம் முழுதும் நியூட்ரலில் திரும்ப வேண்டும். இரண்டும் ஒரே காந்த வளையத்தின் நடுவே போகும்போது ஒன்றின் காந்த விளைவை மற்றது அழித்துவிடும். ஒரு பங்கு மின்னோட்டம் மனித உடல் வழியாகவோ ஈரச்சுவர் வழியாகவோ மண்ணுக்குப் போனால் சமநிலை குலையும். அந்த வேறுபாடே சுவிட்சை விழவைக்கும். வீடுகளுக்கான வகை 30 மில்லி ஆம்பியர் கசிவுக்குள் விழுந்துவிடும். பெருங்கசிவென்றால் 40 மில்லி விநாடிக்குள். அமெரிக்காவில் பெர்க்லி பல்கலைக்கழகப் பேராசிரியர் சார்லஸ் டால்சீல், தாமாக முன்வந்தவர்களின் கையில் எத்தனை மின்னோட்டம் வரை பிடியை விட முடிகிறது என்று அளந்து பார்த்தார். அந்த ஆய்வின் பயனாக 1960-களின் தொடக்கத்தில் 5 மில்லி ஆம்பியர் அளவிலேயே துண்டிக்கும் கருவியை உருவாக்கினார்.

நம் மண்ணுக்கு இது எவ்வளவு பொருந்துகிறது என்று பாருங்கள். கருவியின் உடலில் 50 வோல்ட்டுக்கு மேல் நிற்கக் கூடாது என்பது பொது வரம்பு. 30 மில்லி ஆம்பியரில் துண்டிக்க வேண்டுமானால் எர்த் தடை 1600 ஓம் வரை இருந்தாலும் கணக்கு ஒத்துவரும். 20 ஓம் குழியோடு எம்.சி.பி. தோற்ற இடத்தில், அதைவிட எத்தனையோ மடங்கு மோசமான குழியோடும் ஆர்.சி.சி.பி. வென்றுவிடும். எர்த்தே அறுந்த வீட்டிலும், ஒருவர் மின்கம்பியைத் தொட்டு உடல் வழியே தரைக்குக் கசிவு போகும்போது அது துண்டிக்கும்.

இதற்கும் எல்லைகள் உண்டு. ஒரு கையில் ஃபேஸும் மறு கையில் நியூட்ரலும் பிடித்தவரை அது காக்காது. அந்த உடலை அது இன்னொரு கருவியாகவே காணும். தளர்ந்த இணைப்பின் வெப்பத்தை அது அறியாது, ஓவர்லோடையும் அறியாது. எம்.சி.பி.யும் கூடவே வேண்டும். இன்வெர்ட்டர் ஏ.சி., வாஷிங் மெஷின் போன்றவற்றின் கசிவில் நேர்மின்னோட்டக் (டி.சி.) கலப்பு இருக்கலாம் என்பதால், மாறுமின்னோட்டக் கசிவை மட்டும் காணும் 'ஏ.சி.' வகையைவிட 'ஏ' வகை ஆர்.சி.சி.பி. நல்லது. மின்வெட்டின்போது இன்வெர்ட்டரிலிருந்து வரும் லைனும் ஆர்.சி.சி.பி. வழியாகப் போகிறதா என்று கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்.

"அடிக்கடி விழுது, டைரக்ட் பண்ணிடுங்க" என்று வீட்டுக்காரர் கேட்பதும், ஒயர்மேன் அப்படியே செய்து கொடுப்பதும் நடக்கின்றன. எங்கோ ஒரு கசிவோ, இரண்டு சர்க்யூட்டின் நியூட்ரல் கலந்திருப்பதோ இல்லாமல் நல்ல ஆர்.சி.சி.பி. அடிக்கடி விழாது. ஹீட்டரின் காயில், சுவருக்குள் ஈரம், பழைய ஃபிரிட்ஜ் என்று ஒவ்வொன்றாகக் கழற்றிப் பார்த்தால் காரணம் அகப்படும். அதைத் தேடாமல் கருவியைத் தவிர்ப்பது, எச்சரித்தவரின் வாயைக் கட்டுவதாகும்.

ஒயரும் சுவிட்சும்

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். எம்.சி.பி.யின் அளவு ஒயர் தாங்கும் அளவுக்குள் இருக்க வேண்டும். விளக்குகளுக்கு 1.5 ஸ்கொயர் (சதுர மில்லிமீட்டர்), பவர் சாக்கெட்டுக்கு 2.5 ஸ்கொயர், ஏ.சி., கீசருக்கு 4 ஸ்கொயர் செம்பு ஒயர் என்பது நல்ல வழக்கம். எம்.சி.பி. விழுகிறதே என்று ஒயரை மாற்றாமல் பெரிய எம்.சி.பி. போடுவது, ஒயரைக் கருக விடுவதற்குச் சமம். சுவிட்ச் எப்போதும் ஃபேஸில் இருக்க வேண்டும். நியூட்ரலில் வைத்தால் விளக்கு அணைந்தாலும் ஹோல்டரில் மின்சாரம் நிற்கும். பல்பு மாற்றுபவர் அறியமாட்டார். துணி காயப்போட இரும்புக் கம்பியைத் தகரக் கொட்டகையிலோ சர்வீஸ் ஒயர் போகும் பைப்பிலோ கட்டவே கூடாது. நைலான் கயிறு போதும்.

உலகத்துக்கு ஒரே பிளக் வருமா?

உலகில் இன்று பதினைந்து வகைப் பிளக்குகளுக்கு ஆங்கில எழுத்துகளால் பெயரிட்டிருக்கிறார்கள். பன்னாட்டு மின்தொழில்நுட்ப ஆணையம் 1986-இல் 230 வோல்ட் நாடுகளுக்கெல்லாம் பொதுவான ஒரு பிளக்கை வகுத்தது. பிரேசில் அதைத் தழுவித் தன் தரத்தை அமைத்தது. தென்னாப்பிரிக்காவும் அந்த வழியில் போகிறது. ஐரோப்பா பேசிப் பார்த்துக் கைவிட்டது. கோடிக்கணக்கான சுவர்களை இடிக்க யாருக்கும் மனம் வராது.

இலங்கையின் வழி நமக்குப் பாடமாகும். அங்கே 5, 15 ஆம்பியர் உருண்டை முனையும் 13 ஆம்பியர் சதுர முனையும் கலந்து கிடந்தன. பொதுப் பயன்பாடுகள் ஆணைக்குழு 13 ஆம்பியர் வகையையே நாட்டின் ஒரே தரமாக முடிவு செய்தது. எந்த வகை என்பதைவிட, ஒன்றே இருப்பதுதான் பெரிது. பொருந்தாத முனையை வலிந்து செருகும் தேவையும், அடாப்டர் மேல் அடாப்டர் மாட்டும் பழக்கமும் அதனால் குறையும்.

எதை முதலில் செய்வது?

நம் நாட்டுப் பிளக்கை மாற்றுவது இனி ஆகாத காரியம். அதற்காகக் காத்திருக்கவும் வேண்டாம். மத்திய மின்சார ஆணையத்தின் 2010 பாதுகாப்பு விதிகள் கசிவுத் துண்டிப்பானைக் கேட்டபோது, சிறு வீட்டு இணைப்புகளை விட்டுவிட்டன. எர்த் குழி மோசமாக இருப்பதும், கிரைண்டரை ஈரத் தரையில் வைத்திருப்பதும் அந்தச் சிறு வீடுகளில்தான். தமிழ்நாட்டு மின்சார ஒழுங்குமுறை ஆணையம் பின்னர் வீடுகளுக்கும் இதை வலியுறுத்தியது சரியான திசை. புதிய இணைப்புக்கு விண்ணப்பிக்கும்போது மட்டும் பார்ப்பதோடு நிற்காமல், பழைய வீடுகளுக்கும் அது போய்ச்சேர வேண்டும். குடிசைக்கும் தொகுப்பு வீட்டுக்கும் அரசே பொருத்திக் கொடுக்கலாம். ஓர் உயிருக்கு அரசு தரும் இழப்பீட்டுத் தொகையில் பல வீடுகளுக்கு ஆர்.சி.சி.பி. வாங்கிவிடலாம்.

வீட்டுக்காரர் செய்யக்கூடியதை வரிசைப்படுத்தினால், முதலிடம் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி.க்கே. மாதம் ஒருமுறை அதன் டெஸ்ட் பட்டனை அழுத்துங்கள். விழவில்லை என்றால் அன்றே மாற்றுங்கள். அடுத்து, உரிமம் பெற்ற ஒயர்மேனை அழைத்து ஒவ்வொரு சாக்கெட்டிலும் எர்த் உண்மையிலேயே குழி வரை போகிறதா, நியூட்ரலோடு இணைத்திருக்கிறார்களா என்று சோதிக்கச் சொல்லுங்கள். மூன்றாவதாக, தொட்டால் சுடும் பிளக்கையும் கருகிய சாக்கெட்டையும் மாற்றுங்கள். ஹீட்டர், கீசர், இஸ்திரிப் பெட்டிக்கு 16 ஆம்பியர் சாக்கெட்டைத் தவிர வேறெதையும் பயன்படுத்தாதீர்கள். குழந்தை உள்ள வீட்டில் ஷட்டர் சாக்கெட் கேட்டு வாங்குங்கள்.

இவை எல்லாவற்றுக்கும் ஆகும் செலவு ஒரு நடுத்தர செல்போனின் விலையைத் தாண்டாது. வீடு கட்டும்போது டைல்ஸின் நிறத்தைப் பற்றி வாரக்கணக்கில் பேசும் நாம், டி.பி. பாக்ஸுக்குள் என்ன இருக்கப்போகிறது என்று ஒரு மணி நேரம் உட்கார்ந்து கேட்க வேண்டும். அந்தக் கேள்வியை வீட்டுக்காரர் கேட்டால்தான் ஒயர்மேன் செய்வார். மக்கள் கேட்டால்தான் அரசு செய்யும்.